சித்ராவின் தரப்பு

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் தங்கையின் நலமும் அறிய ஆவல். வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாட்களாகின்றன. சொட்டு மருந்து நான்கு வேளையிலிருந்து இரண்டு வேளையாகக் குறைந்துவிட்டது. படிக்கலாம், எழுதலாம், குனிந்து குடத்தைத் தூக்க மட்டும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தெளிந்த கண்ணால் நான் முதலில் முழுதாகப் பார்த்த படம் எது என்று கேட்டால் சிரிப்பாய். நம் "புதிய பறவை"தான். குடியிருப்பின் பொது அறையில், சென்ற சனிக்கிழமை மாலை, சுவரில் வெள்ளைத் திரை கட்டி, ஏழெட்டு வீட்டார் கூடிப் பார்த்தோம். சரோஜாதேவியின் புடவை நிறங்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் படத்தை நாம் முதன்முதலில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். 1964 செப்டம்பரில் சென்னையில் வெளியான படம் நம் ஊர் டென்ட் கொட்டகைக்கு வந்து சேர ஒரு வருடம் பிடித்தது. மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தோம். கடைசிக் காட்சியில், மனைவி சித்ராவின் சாவை மறைத்து வாழ்ந்த கோபாலாக வரும் சிவாஜி அதை ஒப்புக்கொண்டதும், அவன் மணக்கவிருந்த லதாவும் (சரோஜாதேவிதான்) அவளுடன் இருந்தவர்களும் அந்த உண்மையை வரவழைக்க வந்த காவல் துறையினர் என்று தெரிந்தபோது கொட்டகையே ஒரு கணம் பேச்சற்றுப் போனது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசும்பினார்கள். வீடு திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தருகே சைக்கிளை நிறுத்திவிட்டு, "அவள் செய்தது பச்சைத் துரோகம்" என்று நீ சொன்னாய். நானும் ஆமோதித்தேன். அறுபது ஆண்டுகளாக இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 2010இல் படத்தை டிஜிட்டல் முறையில் புதுப்பித்துச் சாந்தி திரையரங்கில் வெளியிட்டபோது, அதற்கென்றே சென்னைக்கு வந்து உன்னோடு பார்த்தேன். அன்றும் வெளியே வந்து அதையேதான் சொன்னோம். சனிக்கிழமை நடந்த பேச்சுக்குப் பிறகு நான் அந்தக் கருத்திலிருந்து நழுவிவிட்டேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவே இந்தக் கடிதம்.

கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் இளையவர்கள். கதை தெரியாமல் உட்கார்ந்தவர்கள். நிச்சயதார்த்த விருந்தில், செத்துப்போனவள் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த மனைவி சித்ராவாகச் சௌகார் ஜானகி வந்து நின்றபோது, எதிர்வீட்டுப் பையன் சட்டென்று, "சொத்துக்காக வந்த கும்பல்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மாமன் என்று எம்.ஆர். ராதா கூடவே நின்றால் வேறு எப்படித்தான் நினைப்பது? அந்த மனிதர் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே அந்தப் பங்களாவுக்கு விலை பேசுவது போலிருக்கும். பணக்காரன் ஒருவன், அவனைச் சுற்றிப் பொய்ச் சாட்சிகள், அவன் சொல்வதை நம்ப ஒருவருமில்லை என்று படம் நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறது. பணம் பறிக்க வந்தவர்கள் என்று நாம் எண்ணியவர்கள் உண்மையைப் பறிக்க வந்தவர்கள் என்று கடைசியில் தெரியும்போது, இத்தனை நேரமும் தப்பான ஆளுக்காகப் பதைத்தோமே என்ற வெட்கம் வர வேண்டும். வருவதில்லை. அப்போதும் கோபாலுக்காகவே பதைக்கிறோம். சிவாஜியைப் போல ஒரு வக்கீல் கோபாலுக்குக் கிடைத்துவிட்டார். உன் தொழிலில் அப்படி ஒருவரை நீ கண்டிருக்க மாட்டாய்.

படம் முடிந்து, சுண்டல் கிண்ணங்கள் கைமாறத் தொடங்கியதும் பேச்சு கிளம்பியது. முதலில் வாய் திறந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கீழ்வீட்டுக்காரர். அவருக்குக் காதலும் துரோகமும் பொருட்டில்லை. தம் பணிக்காலத்தில் எத்தனையோ ரன் ஓவர் கேஸ்களுக்கு மெமோ எழுதிக் கொடுத்தவர் அவர். "பிணத்தைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டால் டாக்டருக்குத் தெரியாதா? உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் கட்டும். செத்த பிறகு படும் காயம் வேறு மாதிரி இருக்கும். போஸ்ட்மார்ட்டத்தில் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்" என்றார். இத்தனை ஆண்டுகளில் நமக்கு இது தோன்றவேயில்லை. ரயிலைக் கண்டாலே கோபால் நடுங்குவதை மட்டும் பார்த்து, மனைவியை அப்படிப் பறிகொடுத்தவனின் துயரம் என்று உருகிக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தில் அவளைக் கிடத்தியவனின் நடுக்கம் அது என்று தெரிந்த பிறகும் உருகினோம் என்பதுதான் வேடிக்கை.

அதன் பிறகு மூன்றாம் மாடியில் தனியே வசிக்கும் அம்மையார், வழக்கமாக அதிகம் பேசாதவர், கையிலிருந்த கிண்ணத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சித்ராவைப் பற்றி அவன் சொன்னதைத்தானே பார்த்தோம்? அவள் சொல்லி எதையாவது பார்த்தோமா?"

நண்பா, இந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு இரண்டு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. நீயே எண்ணிப் பார். தாயை இழந்த துக்கத்தில் சிங்கப்பூரில் அலைந்த கோபால் இரவு விடுதியில் பாடிய சித்ராவைக் கண்டான், மணந்தான். அவள் குடித்தாள், கேளிக்கையில் திளைத்தாள், குடும்ப மானத்தைக் கெடுத்தாள். அவளை அந்தக் கோலத்தில் கண்ட அதிர்ச்சியில் அவன் தந்தை இறந்தார். இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கோபால் லதாவிடம் சொன்னதால் தெரியும். திரையில் ஓடும்போது நடந்ததை நேரில் பார்த்துவிட்டதாக எண்ணுகிறோம். உண்மையில் குற்றம் சாட்டப்படப்போகிற ஒருவனின் வாக்குமூலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனோ ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்னவன். முதல் முறை கதை சொல்லும்போது அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று முடித்தான். வேறு வழியில்லாமல் போன பிறகுதான் தான் அறைந்ததையும், அவள் விழுந்து இறந்ததையும், உடலைத் தண்டவாளத்தில் வைத்ததையும் சொன்னான். கதையின் முடிவை மாற்றிச் சொன்னவன் நடுவில் எதையும் மாற்றவில்லை என்று நாம் எதைக் கொண்டு நம்பினோம்? ஒரே அறைதான் விழுந்தது என்பதற்கும் அவனைத் தவிர வேறு சாட்சி உண்டா?

இயக்குநர் தாதா மிராசி இதை எண்ணி எடுத்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்துப் படத்தில் குடிக்கும் பெண் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும்; கோபாலின் வார்த்தையைச் சந்தேகிக்கும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சௌகார் ஜானகி ஏதோ ஒன்று செய்திருக்கிறார். "பார்த்த ஞாபகம் இல்லையோ" பாட்டை அவர் மேடையில் பாடும்போது, சுசீலாவின் குரல் அவர் உதட்டில் பொருந்தியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், கோபாலின் கதையில் வரும் கெட்டவள் எங்கே என்று தேடினேன், காணவில்லை. தன் தொழிலில் கைதேர்ந்த, தன்மேல் நம்பிக்கையுள்ள ஒரு பாடகிதான் தெரிகிறாள். அந்தப் பாட்டு அவளுக்கு எழுதித் தந்த வாக்குமூலம் போல எனக்குப் பட்டது. (கண் திறந்த மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.)

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அம்மையாரின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, மனைவியை அடித்தவனுக்காக ஊரே அழுகிறதே என்று ஆத்திரப்பட்டாள். அவளுடைய மாமியார் உடனே, "அவன் அப்பனைக் கொன்றவள் இல்லையா அவள்?" என்றார். அவர் சொன்னதைக் கேட்டதும், கொலை என்ற சொல்லை நாம் யாருக்கு எவ்வளவு எளிதில் கொடுத்துவிடுகிறோம் என்று தோன்றியது. மாமியாரும் மருமகளும் வீட்டுக்குப் போய் அதைத் தொடர்ந்தார்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையின் மூலம் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். அது 1963இல் உத்தம் குமார் நடிக்க வங்காளத்தில் "சேஷ் அங்க" ஆனது. அங்கிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலப் படத்தில் கோபாலின் இடத்தில் இருப்பவள் ஒரு பணக்காரப் பெண், ஸ்பெயின் நாட்டு மாளிகையில் இருக்கும் அவளிடம், இறந்துபோன சகோதரன் நானே என்று ஒருவன் வந்து நிற்கிறான், நடுவில் வைரங்கள். அங்கே செல்வம்தான் கதையின் அச்சாணி. நம்மவர்கள் வைரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மானத்தை வைத்தார்கள். கோபால் காப்பாற்ற நினைத்தது சொத்தை அன்று. அவன் குடும்பத்துக்கு இருந்த பெயரை. நம் ஊர்ப் பணக்காரர்களை நீயும் நானும் அறிவோம். நிலம் போனால் கூடத் தாங்குவார்கள், பெயர் போனால் தாங்கமாட்டார்கள். கதையை இங்கே கொண்டுவந்தவர்கள் அதைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

இனி லதாவிடம் வருகிறேன். முன்பே ஒருமுறை நீ எனக்கு விளக்கியிருந்தாய்: 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காவல் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, 29ஆம் பிரிவோ, ஏமாற்றிப் பெற்றது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்புதல் செல்லாததாகிவிடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் முதல் விதி 23ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறதாமே. அப்படியானால் அந்த அறையில் கோபால் கதறிச் சொன்னது லதாவுக்கு எதற்குப் பயன்பட்டது? சட்டம் ஏமாற்று வேலையைப் பொறுத்துக்கொள்கிறது, ஏமாற்றியவர் காவலர் என்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை. வீட்டு வேலையாள் ஒருவன் கதவருகே நின்று கேட்டிருந்தால் கதையே வேறு என்று நீ சொல்லக்கூடும். சிங்கப்பூரில் நடந்த மரணத்துக்கு எந்த ஊர்ச் சட்டம் என்று நீ குறுக்கே வருவதும் எனக்குக் கேட்கிறது. அது இருக்கட்டும். கன்னத்தில் விழுந்த ஒரே ஓர் அறையால் இறந்தாள் என்பது உண்மையானால், கொல்லும் எண்ணம் இல்லாதபோது அது கொலைக் குற்றமே ஆகாது, தடயத்தை மறைத்ததுதான் நிற்கும் என்று அன்றைக்கு வாதாடினாய். முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் கோபால் சில காலத்தில் வெளியே வந்திருப்பான். தண்டவாளத்துக்குப் போனதால்தான் லதா அவனைத் தேடி வர வேண்டியிருந்தது.

அவள் அவனைக் காதலித்தாள் என்று கடைசியில் அழுவதை இந்த முறை நான் முழுதாக நம்பினேன். இளமையில் அந்த அழுகைதான் எனக்குப் பொய்யாகப் பட்டது. அவள் அவனிடம் பாடுகிற பாட்டின் முதல் அடியிலேயே, உன்னை ஒன்று கேட்பேன், உண்மை சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். கண்ணதாசன் அதைக் காதலியின் கொஞ்சலாக எழுதியிருக்கலாம். கதை தெரிந்து இரண்டாம் முறை கேட்கும்போது அது விசாரணையாகவும் ஒலிக்கிறது, மன்றாடலாகவும் ஒலிக்கிறது. நீயாகவே சொல்லிவிடு, நான் இதையெல்லாம் செய்ய வேண்டியிராது என்று ஒருத்தி கெஞ்சுவது போல. அவனுக்கு எத்தனை வாய்ப்புகள் கொடுத்தாள்! ரயிலைக் கண்டு ஏன் அஞ்சுகிறாய் என்று கேட்டாள். அவன் பாதியைத்தான் சொன்னான். மணக்கப்போகிறவளிடம் மீதியை மறைத்துக்கொண்டு மோதிரம் மாற்ற நின்றவன் அவன். பாலத்தருகே நாம் துரோகம் என்ற சொல்லை எடுத்தபோது, அது அவனுக்கும் பொருந்துமே என்று ஒரு முறை கூட நினைக்கவில்லை. இதனால் லதாவின் கை சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஒருவன் பித்தாகும் விளிம்பு வரை நாள்தோறும் அவனைத் தள்ளிக்கொண்டு போய், அதை அருகிருந்தே பார்த்துக்கொண்டிருப்பது எந்தக் கடமையின் பெயராலும் எளிதில் செரிக்கக்கூடியதன்று. "எங்கே நிம்மதி" பாட்டில் இரு பெண்களுக்கும் நடுவே அவன் தடுமாறும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. அடைக்கட்டும்; ஆனால் அவன் தேடும் நிம்மதி சித்ராவுக்கும் கிடைக்கவில்லையே என்று பக்கத்திலேயே இன்னொரு குரல் கேட்கத் தொடங்கிவிட்டது.

கார்டு ஐயா அடுத்த சனிக்கிழமை நகைச்சுவைப் படம் போடலாம் என்கிறார். ரயில் வராத படமாக இருக்க வேண்டுமாம்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். 2010இல் சாந்தியிலிருந்து வெளியே வந்து, நீயும் நானும் லதாவைத் திட்டிக்கொண்டே அண்ணா சாலையைக் கடந்தபோது, பின்னால் வந்த தங்கை சித்ராவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேருந்து வந்துவிட்டது என்று நீ அவளை அவசரப்படுத்தினாய். நானும் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அவள் சொல்ல வந்தது என்ன என்று கேட்டு எழுது. நினைவிருந்தால், நீ சுருக்காமல், சட்டப் பிரிவு எதுவும் சேர்க்காமல், அவள் சொன்னபடியே எழுது.

அன்புடன்,
உன் பழைய கொட்டகைக் கூட்டாளி