செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பூரிம் திருநாளும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வாராந்திர ஓய்வு நாளைத் தூக்கத்துக்குக் கொடுக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். இங்கே இஸ்ரேலில் நிலவிய போர்ச் சூழலால் சில மாதங்களில் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கூட்ட முடியவில்லை. புதிதாக வந்தவர்களுக்கான எபிரேய வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரியில் பொங்கல் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த அறிக்கை முழுக்க யூதர்களின் பூரிம் பண்டிகை பற்றியதுதான். இந்த ஆண்டு நம் சங்கம் செய்த நல்ல காரியம் ஒன்று அந்தத் திருநாளிலிருந்துதான் கிடைத்தது.

முதியோரைப் பராமரிக்க இஸ்ரேலுக்கு வந்த நாம், இவர்களுடைய பண்டிகைகளை வீட்டுக்குள் இருந்தே பார்க்கிறோம். யோம் கிப்பூர் என்றால் வீடே பட்டினி. பெசாஹ் வந்தால் அலமாரி அலமாரியாகத் துடைத்து இடுப்பு விட்டுப்போகும். பூரிம் அப்படியில்லை. படுக்கையில் இருக்கும் சப்தா என்கிற பாட்டியும் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு சிரிக்கிற நாள் அது.

பிப்ரவரிக் கூட்டத்தில் பூரிமின் கதையை நம் கிறிஸ்தவ உறுப்பினர்கள் எஸ்தர் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னார்கள். பாரசீக அரசன் அகாஸ்வேருவின் அமைச்சன் ஆமான், மொர்தெகாய் தன்னை வணங்கவில்லை என்ற ஆத்திரத்தில், யூதர் அனைவரையும் ஒரே நாளில் அழிக்கச் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான். அரசி எஸ்தர் உயிரைப் பணயம் வைத்து, தானும் யூதப் பெண்தான் என்று அரசனிடம் சொல்லித் தன் மக்களைக் காப்பாற்றுகிறாள். அந்த அரசன் ஆண்டது இந்தியாவிலிருந்து எத்தியோப்பியா வரை 127 நாடுகள் என்று முதல் வசனத்திலேயே வருகிறது. நம் நாட்டுப் பெயர் அங்கே இருப்பதைக் கேட்டதும் கூட்டத்தில் எழுந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வராத புத்தகம் அது என்பதைத்தான் பலரால் நம்ப முடியவில்லை.

இந்தக் கதை எழுதிய தோல் சுருளான மெகில்லாவை முந்தின இரவும் மறுநாள் காலையும் முழுதாக வாசிக்க வேண்டும். ஆமான் பெயர் அதில் 54 முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் குழந்தைகள் ரஷான் என்ற கிலுகிலுப்பையைச் சுற்றி, காலைத் தரையில் உதைத்து, அந்தப் பெயரே காதில் விழாதபடி செய்வார்கள். ஆனால் ஒரு சொல்லும் கேட்காமல் போகக் கூடாது என்பது சட்டம். அதனால் வாசிப்பவர் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். ஜெபக்கூடத்துக்குப் போக முடியாதவர்களுக்காக ஹபாத் என்ற யூத மத அமைப்பின் இளைஞர்கள் முதியோர் இல்லங்களுக்கே சுருளைக் கொண்டுவந்து வாசிக்கிறார்கள். அந்த நேரத்தில் காது கருவியின் ஒலியைச் சற்றுக் குறைத்து வையுங்கள் என்று அனுபவமுள்ள அக்காமார் புதியவர்களுக்குச் சொன்னார்கள். குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

2025இல் பூரிம் மார்ச் 14, வெள்ளிக்கிழமை வந்தது. மாலையில் ஷபாத் என்ற வாராந்திர ஓய்வு நாள் தொடங்கிவிடும் என்பதால் விருந்தைக் காலையிலேயே முடித்தார்கள். எருசலேம் போன்ற பழைய மதில் நகரங்களில் பூரிம் ஒரு நாள் தள்ளி வரும். இந்த முறை அது சனிக்கிழமையில் விழுந்ததால், அங்கே வெள்ளிக்கிழமை மெகில்லாவும் ஏழைகளுக்குக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை விருந்தும் பலகாரத் தட்டும் என்று மூன்று நாள் பூரிம் ஆகிவிட்டது. எருசலேமில் வேலை செய்யும் நம் உறுப்பினர்களுக்கு அலைச்சல் அதிகம். ஆனாலும் சனிக்கிழமை ஷெரூத் என்ற பங்கு வேன் பிடித்து டெல் அவிவ் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

அந்தக் கூட்டத்தில் சாப்பாட்டு மேசையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எந்த வீட்டில் வேலை செய்கிறோமோ அந்த வீட்டுப் பூரிம் பலகாரத்தைக் கற்றுக்கொண்டு செய்து வர வேண்டும் என்று கேட்டிருந்தோம். போலந்திலிருந்து வந்த யூதர் வீட்டில் இருப்பவர்கள் ஓஸ்னே ஹாமான் கொண்டுவந்தார்கள். வட்டமாக வெட்டிய மாவின் நடுவே பூரணம் வைத்து, மூன்று பக்கமும் மடித்துக் கிள்ளி ஓவனில் சுடுவது. சோமாசி ஓரம் மடித்த கைக்கு இது உடனே வந்துவிடுகிறது. பூரணத்துக்கு நம் வெள்ளைக் கசகசா கிடையாது, கருநீலக் கசகசா. அதை அரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட வேண்டும். அரைத்த கசகசா சீக்கிரம் காறிவிடும். டெல் அவிவின் லெவின்ஸ்கி சந்தையில் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் வாங்குவது நல்லது.

ஈராக் வீடுகளிலிருந்து கொண்டைக்கடலை வைத்துப் பொரித்த சம்பூசக்கும் பேரீச்சம்பழ பிஸ்கட்டும் வந்தன. மொராக்கோ சப்தா ஒருவர், முழு முட்டையை ஓட்டோடு பதித்துச் சுட்ட ரொட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். முட்டைதான் ஆமானின் கண். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதக் குடும்பத்தில் வேலை செய்யும் தங்கை பூரண் போளி கொண்டுவந்தார். பூரிம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அவர்கள் ஊரில் அதற்கு ஹோலிப் பண்டிகை என்றே பெயர். இந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் வந்தன.

நம் பங்குக்குச் சுண்டல் வைத்தோம். அதற்கும் பூரிமில் இடமுண்டு. அரண்மனையில் விலக்கப்பட்ட உணவைத் தொடாமல் எஸ்தர் விதைகளும் பருப்பு வகைகளுமே சாப்பிட்டு வாழ்ந்தாள் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் ஒரு கருத்து இருக்கிறது. ஐரோப்பிய யூதர்கள் பூரிமுக்கு அவித்த கொண்டைக்கடலையில் உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிடுவது அதனால்தான் என்பார்கள். தேங்காய் போட்டுத் தாளித்தது மட்டும் நம் சேர்க்கை. யாழ்ப்பாணத்து உறுப்பினர்கள் அதற்குள் மாங்காயையும் நறுக்கிப் போட்டுவிட்டார்கள். நன்றாகவே இருந்தது.

இனி மிஷ்லோவாஹ் மனோத். பூரிம் பகலில் ஒருவருக்காவது, அப்படியே சாப்பிடக்கூடிய இரண்டு வகை உணவையாவது அனுப்ப வேண்டும். நேரில் கொடுப்பதைவிட இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புவதைச் சிறப்பாக நினைப்பவர்களும் உண்டு. அப்படி மாடிப்படி ஏறி இறங்கித் தட்டுகளைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நாம் சமைத்ததை, யூத உணவு விதியான கோஷர் கடைப்பிடிக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கக் கூடாது. அவர்களால் மறுக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. யூத மதகுருக்களான ரப்பிகளின் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலமும் பழங்களும் கொடுத்தால் எல்லாருக்கும் நிம்மதி.

நான் முதலில் சொன்ன நல்ல காரியத்துக்கு வருகிறேன். பூரிமின் இன்னொரு கடமை மத்தனோத் லாஎவ்யோனிம். ஏழைகள் இரண்டு பேருக்காவது அன்றே கொடுக்க வேண்டும். விருந்துக்கும் தட்டுக்கும் செலவழிப்பதைவிட இதற்கே அதிகம் செலவழிக்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். கூடவே ஒரு விதியும் உண்டு: அன்று கை நீட்டுகிற எவருக்கும் கொடு, தகுதியை ஆராயாதே.

நாம் பார்த்துக்கொள்ளும் முதியவர் இறந்துபோனால் நமக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். பெற்றவரை இழந்த மாதிரி அழுகிறோம். அதே வாரத்தில் சம்பளமும் நின்று, தங்கும் அறையும் போய்விடுகிறது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்துக்கு யாரிடம் கேட்பது? கேட்கிற கூச்சத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை. அதனால்தான் மார்ச் கூட்டத்தில் உண்டியல் வைத்துப் பூரிம் நிதியைத் தொடங்கினோம். கேட்பவரிடம் காரணம் கேட்பதில்லை. பெயர் பொருளாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

தேவையில்லாதவர் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒருவர் அப்படி வாங்கிவிடுவது சங்கத்துக்குச் சின்ன நஷ்டம். விசாரணைக்குப் பயந்து ஒருவர் பட்டினி கிடப்பது அதைவிடப் பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. குழுவும் கடைசியில் இதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த பூரிம் 2026 மார்ச் 2 திங்கள் மாலை தொடங்கி மார்ச் 3 செவ்வாய் வருகிறது. எருசலேமில் புதன்கிழமை. வேலை நாள் என்பதால் நம் கூட்டத்தை பிப்ரவரி 28 சனிக்கிழமை வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். தட்டுகளை மட்டும் செவ்வாய் பகலிலேயே கொடுத்துவிட வேண்டும். சம்பூசக் கற்றுத்தர ராமத் கானிலிருந்து இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். கற்க விரும்புபவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். பூரிம் நிதியைச் சங்கத்தின் நிரந்தர நிதியாக்கும் தீர்மானத்தை அடுத்து தலைவர் வாக்குக்கு விடுவார். எல்லாரும் கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்