மூதாட்டிகள் வழக்கில் தீர்ப்பு சொன்னது என்ன?

ஆசிரியருக்கு,

காலநிலை மாற்றத்தைத் தடுக்க சுவிஸ் அரசு போதிய அளவு செய்யவில்லை, அதனால் கடும் வெயிலில் எங்கள் உடல்நலம் கெடுகிறது என்று சுவிஸ் மூதாட்டிகளின் சங்கமொன்றும் நான்கு பெண்களும் தொடுத்த வழக்கு பற்றிய உங்கள் தலையங்கம், நீதிபதிகள் நாடாளுமன்றத்தின் வேலையில் மூக்கை நுழைத்துவிட்டார்கள் என்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2024 ஏப்ரல் 9 அன்று ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எந்த ஆலையையும் மூடச் சொல்லவில்லை. புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வுக்கு அரசு ஒரு வரம்புகூடக் கணக்கிடாமல் இருந்தது, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தனிவாழ்வு, குடும்பவாழ்வு உரிமை பற்றிய 8-ஆம் பிரிவை மீறியது என்றுதான் சொன்னது, எப்படிக் குறைப்பது என்பதை சுவிஸ் அரசிடமே விட்டுவிட்டது. (நான்கு பெண்களின் தனி மனுக்களை ஏற்காமல் சங்கத்தின் மனுவை மட்டுமே ஏற்றதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்.)

சூரிச்சில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். ஜூலை வெயிலில் திரையை இறக்கி, மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுத்தும் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்களுக்காகத் தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் வெளியிடுங்களேன்.

ஒரு வாசகி, சூரிச்