ஹுல்ஹுமாலேயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மாலத்தீவுல நான் நல்லா இருக்கேனுங்க. உங்க லெட்டர் கைக்கு வந்துது. போன்ல வாராவாரம் பேசறதுதான், ஆனாலும் ரூல் போட்ட நோட்டுல ரெண்டு பக்கமும் நீங்க நெருக்கி எழுதுனதைப் படிக்கறப்ப வர்ற தெம்பு அதுல வர்றதில்லைங்க. நான் எழுதறதே இல்லைன்னு அம்மா வருத்தப்பட்டுதுன்னு போட்டிருந்தீங்க. ஷிப்டு மாறி மாறி வருது, அதனாலதானுங்க.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லீங்க. காலையில ரொஷி, அது நம்ம சப்பாத்தி மாதிரிதான். கூட மாஸ் ஹுனி. சூரை மீனைப் பூவாப் பிச்சுப் போட்டு, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சமொளகா, எலுமிச்சம்பழம் விட்டுக் கையாலயே பிசையறாங்க. அம்மா பாத்தா மூக்கைப் பொத்திக்கும். எனக்குப் பழகிப்போச்சு. வெங்காயம், முட்டை, உருளைக்கிழங்கெல்லாம் இந்தியாவுலருந்துதான் கப்பல்ல வருது. ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு நானே ஆக்கிக்கறேன். அம்மா கட்டிக் குடுத்த கொள்ளு இன்னும் கொஞ்சம் இருக்குது, ஞாயித்துக்கிழமைக்குன்னு வெச்சிருக்கேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பத்திப் போன்ல சொன்னேனில்லீங்க, அவரு இன்னும் குழாய்த் தண்ணி குடிக்கறதில்லை. மழை பேஞ்சா மொட்டை மாடியில டிரம்மைக் கவுத்து வெச்சிருந்ததை நிமித்தி வெச்சு, வெள்ளைத் துணி கட்டிப் புடிக்கறாரு. பொழுதோட கம்பியில கயிறு பின்னுன ஊஞ்சல் நாற்காலியில உக்காந்து, பாக்கையும் கிராம்பையும் மென்னுட்டுக் கடலையே பாத்துட்டிருப்பாரு. சொந்த ஊரு கந்தொல்ஹுதூ. 2004 சுனாமியில அந்தத் தீவே குடியிருக்க ஆகாமப் போய், சனம் மொத்தமும் வருசக்கணக்கா அங்கயும் இங்கயும் ஒண்டிக் கெடந்து, கடைசியில துவாஃபரூங்கற வேற தீவுல வீடு கட்டிக் குடுத்தாங்களாம். மகனுக்கு வேலை இங்கங்கறதால இங்க வந்துட்டாரு. என்னைப் பாத்தா பாக்கை நீட்டுவாரு. அப்ப உங்க வெத்தலைப் பொட்டி ஞாபகம் வந்துருமுங்க.

நம்ம மாப்ளப் பையன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான், கடல் ஏறுதுங்கறதே கட்டுக்கதைன்னு சொல்றாங்க, அத்தனை பெரிய பணக்காரரு நடத்தற எடத்துல பொய்யை விடுவாங்களான்னு கேட்டிருந்தீங்க. அதுக்குத்தானுங்கப்பா இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

இந்த நாட்டுல ஏறக்குறைய 1,200 தீவு. முக்கால்வாசிக்கும் மேல கடல் மட்டத்துலருந்து ஒரு மீட்டர் ஒசரங்கூட இல்லை. நான் இருக்கற ஹுல்ஹுமாலேயே மனுசன் உண்டாக்குன எடம். 1997-ல ஆரம்பிச்சுக் கடல் மணலை உறிஞ்சிக் கொட்டி, ரெண்டு மீட்டர் ஒசரத்துக்கு மேடாக்கி இருக்காங்க. மத்த தீவுகள்ல அலை உள்ள வந்துச்சுன்னா நெலத்தடி நல்ல தண்ணி உப்பாயிருது, வாழை கருகிப்போகுது. குடிக்கறதுக்குக் கடல் தண்ணியத்தான் சுத்தம் பண்றோம். என் வேலையே அந்த பம்புகளோடதான். நம்ம ஆயிரம் அடி போர்ல தண்ணி ஏத்தற மோட்டார் இதுங்கிட்ட நிக்காதுங்க, அத்தனை அழுத்தம் குடுத்துச் சவ்வு வழியாத் தள்ளோணும். அதை ஓட்டறதுக்குப் பெரும்பாலும் டீசல் கரண்ட்டு. எந்தப் புகையால கடல் ஏறுதோ அதே புகையப் போட்டுத்தான் இவங்க குடிதண்ணி எடுக்க வேண்டியிருக்குது. கூரையெல்லாம் சோலார் போட ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா மேடாக்கறது, சுவர் கட்டறது, சோலார், பேட்டரி எல்லாத்துக்கும் பணம் வேணும், அது இவங்ககிட்ட இல்லை.

அந்தப் பணக்காரரு எலான் மஸ்க், 2022 அக்டோபர்ல ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்குனாரு. இந்த மாதிரி நாடுகளோட சேதத்துக்குன்னு 2022-ல உலக நாடெல்லாம் கூடி ஒரு நிதி வைக்கறதா ஒத்துக்கிட்டாங்க. எல்லா நாடும் சேந்து அதுக்குத் தர்றதாச் சொன்னது நூறு கோடி டாலரைக்கூடத் தொடலைங்க. ட்விட்டர்ல யாரு வேணா பேசலாம்னு மாப்ள சொல்றான். பேசலாம், ஆனா காசு கட்டி நீலக் குறி வாங்குனவன் பேச்சுதான் முன்னால வரும். பக்கத்து வீட்டுப் பெரியவரு பேசுனா யாருக்குக் கேக்கும்?

பேசறதுக்கு இங்க குடுத்த வெலையும் இருக்குதுங்க. 2017 ஏப்ரல்ல யாமீன் ரஷீதுன்னு 29 வயசுப் பையன், வலைப்பூவுல தைரியமா எழுதிட்டிருந்தவரு, அவரைத் தலைநகரம் மாலேயில அவரு வீட்டு மாடிப்படியிலயே குத்திக் கொன்னுட்டாங்க. அவரு சிநேகிதரு, பத்திரிகைக்காரரு அகமது ரில்வான், 2014-லயே காணாமப் போனவரு. நான் எதையும் போடறதில்லை, நீங்க பயப்பட வேண்டாம். பொழைக்க வந்த எடத்துல விசாதான் முக்கியம். மனசுல இருக்கறதை உங்ககிட்டச் சொல்லிக்கறேன், வேற ஆரு இருக்கறாங்க.

பணக்காரங்க குடுக்கறதே இல்லைன்னு சொல்லலைங்க. ஜெஃப் பெசோஸ் 2020-ல பருவநிலைக்கு 1,000 கோடி டாலர் தர்றேன்னாரு. நல்லதுதான். ஆனா அவரு மனசு வெச்சாத் தருவாரு, மாறுனா நிறுத்திருவாரு. எனக்கு நம்பிக்கை குடுக்கறது வேற. 2019-ல பசிபிக் தீவுக் காலேஜ் பசங்க கொஞ்சப் பேரு கெளப்புன பேச்சு, வனுவாட்டு நாடு கையில எடுத்து, 2025 ஜூலை 23-ல சர்வதேச நீதிமன்றமே ‘பருவநிலையைக் காப்பாத்தறது நாடுகளோட சட்டக் கடமை’ன்னு சொல்லிருச்சு. அத்திக்கடவுத் தண்ணித் திட்டத்துக்காக 2016-ல அவிநாசியில உண்ணாவிரதம் இருந்தப்ப நீங்க பந்தல்ல போய் உக்காந்தீங்களே, அப்ப யாரு காதுல போட்டுக்கிட்டாங்க? 2024-ல தண்ணி திறந்து விட்டாங்களா இல்லீங்களா? ஒரு பணக்காரனும் குடுக்கலை, நீங்கெல்லாம் கேட்டு வாங்குனது. மாப்ளகிட்ட இதைச் சொல்லுங்க. வீடியோவை நம்பாம என்னைக் கேக்கச் சொல்லுங்க, பெரியவரையே போன்ல காட்டறேன்.

நம்ம குட்டைக்குத் தண்ணி வந்துருச்சுன்னு எழுதிருந்ததை நாலு தடவை படிச்சேனுங்க. கொக்கு வருதுங்களா? சாயங்காலத்துல கட்டுத்தரையில மாட்டுக்குத் தண்ணி காட்டற சத்தம் ஒண்ணு கேட்டாப் போதும்னு சில நாள் இருக்குது. அம்மாகிட்டப் படிச்சுச் சொல்றப்ப இந்த வரியை விட்டுருங்க.

அக்காவோட எழுதிங்கள் சீரைத் தையிலயே வெச்சறலாம்னு எழுதிருந்தீங்க. மாசிக்குத் தள்ளுங்கப்பா, அப்பத்தான் லீவு கெடைக்கும். கூடப் பொறந்தவன் இல்லாமச் சீர் பண்ண வேண்டாம். பணம் ரெண்டு தவணையா வரும். இங்க டாலர் தட்டுப்பாடு, பேங்க்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுப்ப விடறாங்க, வேறொண்ணுமில்லை. அதுவரைக்கும் அம்மா வளையலை எடுக்கவே கூடாது.

மேட்டாங்காட்டைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகை கேக்கறாங்கன்னீங்க. சோலார் வர்றது எனக்குச் சம்மதந்தான். ஆனா இருபத்தஞ்சு வருசக் குத்தகைங்க, புரோக்கர் பேச்சுல கையெழுத்துப் போட்டுறாதீங்க. பட்டா இன்னும் சித்தப்பாவோட கூட்டாத்தான இருக்குது? மொதல்ல அவருகிட்டப் பேசி, சர்வேயரைக் கூட்டிட்டு வந்து உட்பிரிவு பண்ணுங்க. கெணத்துக்குப் போற வண்டித்தடம் நம்ம பக்கம் எழுதணும், அதை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. பத்திர நகலை மாப்ளகிட்டக் குடுத்துப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க, நான் படிச்சுட்டுச் சொல்றேன்.

உங்கள் மகன்,
செந்தில்