நம்ம பிள்ளைகள் வாசிப்பதை அவர்களே கேட்கட்டும்: பள்ளி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உதவுங்கள்

நம்ம அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், ஊரை விட்டு எங்கெங்கோ போய் வேலை பார்க்கிற அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் முன்னாள் மாணவர் குழுவின் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம். எதற்கு என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறோம்.

போன தை மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா நாகஸ்வரம் வாசித்ததைச் செல்போனில் பதிவு செய்து இசை டீச்சரிடம் கொண்டுவந்து, "நேர்ல இப்படி இல்லையே டீச்சர், இதுல மட்டும் ஏன் கிழிஞ்ச மாதிரி கேக்குது?" என்று கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, நாகஸ்வரத்தின் சத்தத்தை இரண்டடி தூரத்தில் அதனால் தாங்க முடியாது, அளவுக்கு மேல் போகிற ஒலியலையின் உச்சியெல்லாம் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். காதில் விழுகிற கரகரப்பு அதுதான்.

எங்கள் குழுவில் மைக்செட் கடை வைத்திருப்பவர் ஒரு மைக்கும், மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் கொண்டுவந்து, மைக்கை ஆறடி தள்ளி வைத்து, லெவலைக் குறைத்து அப்பாவை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தது கல்யாணி ராகம். பையன் ஹெட்போனை மாட்டியதும் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா மூச்சு இழுக்கறது கூடக் கேக்குது." அப்புறம் அப்பாவே வாங்கிக் கேட்டார். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்த இடத்துல சீவாளி சரியில்ல, சுருதி இறங்கியிருக்கு" என்றார். சீவாளி என்பது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற பகுதி. முப்பது வருஷமாகக் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிப்பவர், தன் வாசிப்பைத் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். அன்றே இந்தக் கூடத்தை அமைப்பது என்று முடிவு செய்துவிட்டோம்.

நாம் இருப்பது எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில், பழைய ஆச்சா மரத்தில் கடைசல் ஆகிறது. தவில், பறை, நாகஸ்வரம் என்று வீட்டிலேயே கேட்டு வளர்கிற பிள்ளைகள் நம்ம வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கீதம் அவர்களிடம் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கிற கருவிதான் இல்லை.

பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அது தேர்வுக்கும் பாடத்துக்குமே ஓயாமல் ஓடுகிறது. அதனால் மேற்குப் பக்கத்துக் காலி அறையைத் தலைமை ஆசிரியர் ஒதுக்கித் தந்திருக்கிறார். சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா வேண்டாம்: பதிவுக்கு ஆடாசிட்டி, சுரம் எழுதிப் பார்க்க மியூஸ்ஸ்கோர், இரண்டுமே இலவசம். எட்டுப் பழைய கம்ப்யூட்டர்கள் (நினைவகம் எட்டு ஜிபி இருந்தால் போதும்), கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிக்கிற நான்கு மிடி கீபோர்டுகள், மைக்குகள், எட்டு ஹெட்போன்கள், ஸ்பீக்கர், இன்வெர்ட்டர், வயரிங், எர்த்திங் என எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபாய் ஆகிறது. எர்த்திங்கில் மிச்சம் பிடிக்க மாட்டோம், அது சரியில்லை என்றால் பதிவு முழுக்க 'ம்ம்' என்று இரைச்சல் ஓடும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஒரு பயிற்சியாளருக்கு மாதம் 8,000 வீதம் பத்து மாதச் சம்பளம் 80,000. மொத்தம் 4,60,000. எங்களுக்குள் 1,35,000 சேர்த்துவிட்டோம், மீதி 3,25,000 வேண்டும்.

வாங்கிப் பூட்டி வைத்துவிடுவீர்கள் என்ற பயம் நியாயமானதுதான், வேறொரு பள்ளியில் பெட்டி பிரிக்காமலே கருவிகள் வீணானதை நாங்களே பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் பயிற்சியாளர் சம்பளத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்தோம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் கூடம் கட்டாயம் திறந்திருக்கும். சாவி டீச்சரிடம் ஒன்று, எங்களில் ஒருவரிடம் ஒன்று. பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்துக்கும் இதே அறையைப் பயன்படுத்தப்போகிறார்கள். அதிர்வெண் என்பதைப் படிக்கிற பிள்ளை தன் குரலின் அலையையே திரையில் பார்க்கலாம். எல்லோரும் சினிமாவுக்கு இசையமைக்கப் போவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மைக்செட், டப்பிங், கச்சேரி ஒலிப்பதிவு என்று காது பழகியவருக்கு வேலை இருக்கிறது, அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் தாத்தா பாடுகிற பாட்டைப் பேரன் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

500 ரூபாயும் பெரிய உதவிதான், 3,000 இருந்தால் ஒரு ஹெட்போன், 20,000 இருந்தால் ஒரு கம்ப்யூட்டர். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கணக்கு விவரம் தலைமை ஆசிரியர் அறையில் கிடைக்கும், ரசீது உண்டு, வரவு செலவை மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இன்னொன்று. சத்தம் வராமல் சுவரில் ஒட்ட முட்டை அட்டை சேர்த்துத் தருவதாக நிறையப் பேர் அன்பாகச் சொல்கிறீர்கள். அது சத்தத்தைத் தடுக்காது, சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால் வேண்டாம். கனமான பழைய திரைச்சீலை, ஜமுக்காளம் இருந்தால் தாருங்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்த அறைக்கு வெள்ளையடிக்கிறோம், ஊரில் இருப்பவர்கள் கையோடு ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.