எங்கள் மகனுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

வணக்கம். எங்கள் மகன் இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கு ஆட்டிசம். ஆறாம் வகுப்புக்குப் போவதைக் கேள்விப்பட்டு ஃபோன் செய்தவர்களிடம் பேச முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையம் என்ற பிள்ளைகளுக்கான பிரிவில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அங்கே பிள்ளையோடு பெற்றவர்களும் உட்கார்ந்து படிக்க வேண்டும். சட்டை போடுவதைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, கடைசி வேலையை மட்டும் அவனிடம் விடச் சொன்னீர்கள். எல்லாப் பட்டனையும் நான் போட்டு, கடைசிப் பட்டனைப் பாதி நுழைத்து வைப்பேன். அதை இழுத்துவிடுவது அவன் வேலை. இழுத்ததும் கை தட்டுவோம். சட்டையைப் போட்டு முடித்தது அவன்தானே! அப்புறம் கடைசி இரண்டு பட்டன், அதற்கப்புறம் மூன்று. இப்போது காலரைக்கூட அவனே சரிசெய்கிறான். "இவன் எப்போ பேசுவான், எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்" என்று தூங்காமல் கிடந்த எனக்கு, நாளைக் காலைக்கு என்ன செய்யலாம் என்று மட்டும் யோசிக்கத் தெரிந்தது அந்தப் பட்டன்களால்தான். என் பிள்ளையை இத்தனை உன்னிப்பாக நான் வேறு எப்படிப் பார்த்திருப்பேன்?

காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் கண்டக்டர் அண்ணா, விசில் சத்தம் கேட்டாலே இவன் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். யாரும் கேட்காமலே நீங்கள் விசிலை விட்டுவிட்டு, பஸ்ஸைத் தட்டி "போலாம் ரைட்" என்றீர்கள். அவன் முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுதான். இன்றும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் சொல்கிறான்.

ஒரு பள்ளியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் குடியாத்தம் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் அம்மா, "மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டப்படி இவன் பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம், நாளைக்கே கூட்டி வாங்க" என்றீர்கள். அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2016 சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் உண்டு. இதற்காகப் போராடிய முகம் தெரியாத பெற்றோருக்கும் நான் கடன்பட்டவள். சிறப்பாசிரியை டீச்சர், அடையாள அட்டைக்கும் 'நிரமயா' காப்பீட்டுக்கும் படிவம் நிரப்பித் தந்தது நீங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா, தறிச் சத்தத்தில் இவன் அமைதியாவதைக் கண்டு தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

குடியாத்தம் பக்கம் இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் யாராவது சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குத் தனியாகப் போகத் தயங்கினால் என்னிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அவன் அம்மா