கோரிக்கை மனு: இரவிலும் பால் கொடுக்க வேண்டி, மூன்றாம் முறையாக

அனுப்புநர்: மையத்தில் சிகிச்சை பெறும் 14 மாதக் குழந்தையின் தகப்பன், செங்கல் சூளைத் தொழிலாளி.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.
பொருள்: ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் இரவில் பால் காய்ச்சிக் கொடுக்க ஆள் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த என் இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சந்தைத் திடலுக்கு எதிரே உள்ள அரசு மருத்துவமனையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதன் பின்கட்டில், மிகவும் மெலிந்த குழந்தைகளைச் சேர்த்துத் தேற்றுவதற்காகப் பத்துக் கட்டில் போட்டிருக்கும் மையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1. அங்கன்வாடி ஆசிரியை அளந்தபோது என் மகனின் மேல்கையில் சுற்றளவு நாடா சிவப்பில் நின்றது: 11 சென்டிமீட்டர். சிவப்பு என்றால் கடும் மெலிவாம். எடை 5 கிலோ 400 கிராம். அவரே கூட வந்து சேர்த்துவிட்டார்.

2. இவ்வளவு மெலிந்த குழந்தைக்கு எடுத்தவுடன் நிறையக் கொடுத்தால் உடம்பு தாங்காதாம். முதலில் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பால். பசி திரும்பியபின் 100 கலோரிப் பால். தொடக்கத்தில் இரண்டு மணிக்கொரு முறை 60 மில்லி, இரவு பகலாக 12 வேளை. சுவரில் ஒட்டிய அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இரவு எட்டு மணிப் பால் முடிந்ததும் சமையல்காரம்மா பால் காய்ச்சும் அறையைப் பூட்டி, சாவியைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை; அவருக்கு இரவுப் பணி கிடையாது. அடுத்த பால் காலை ஆறு மணிக்கு. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு வேளை போகிறது. பன்னிரண்டில் நான்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்குக்கு என் எட்டாம் வகுப்புப் படிப்பே போதும்.

3. சேர்த்த மூன்றாம் நாள் விடியற்காலை பிள்ளையின் கால்கள் சில்லிட்டுவிட்டன. கண் பாதி திறந்தபடி கிடந்தான், அழவில்லை. தாய்ப்பாலும் வற்றிவிட்ட என் மனைவி பிரசவ வார்டுக்கு ஓடி நர்சம்மாவை அழைத்து வந்தாள். அவர் 50 மில்லி சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, மார்போடு அணைத்துப் போர்த்தச் சொன்னார். பசியால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். ஐயா, வீட்டில் இறங்கினால் எங்கள் வறுமை என்பேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு, பத்தடி தூரத்தில் பால் பூட்டியிருக்க, ஏன் இறங்க வேண்டும்?

4. இப்போது 100 கலோரிப் பாலுக்கு மாற்றிவிட்டார்கள். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 கிராம் கணக்கில் எடை தினமும் 50 கிராமுக்கு மேல் ஏற வேண்டுமாம். இருபதுகூட ஏறவில்லை. பிள்ளையின் சிகிச்சை அட்டையில் "தாய் சரியாக ஊட்டுவதில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதை ஊட்டுவாள்? பூட்டையா?

5. முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. இரண்டாவதற்கு "தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று செல்பேசியில் செய்தி வந்தது. எங்கே அனுப்பினார்களோ, இங்கே வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெண் முந்தாநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

6. இரவுக்கு ஓர் ஆள், ஐயா. ஒரே ஓர் ஆள்.

அதுவரை சாவியையும் பால் பொடியையும் அளவுக் கரண்டியையும் இரவு நர்சம்மாவிடம் ஒப்படைக்கவாவது உத்தரவிடும்படி மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். தயவுசெய்து இந்த மனுவையும் வேறெங்கும் அனுப்பிவிடாதீர்கள். இன்று இரவும் எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)