அதையும் சேத்துப் படி

குடியாத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நைனாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் மகள் கதை படிப்பதைத் தடுக்கலாமா என்று நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் என்று தம்பி சொன்னான். குட்டி பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று நீயே சொன்னாய். அவளைப் பற்றி அவள் காதுபட நாம் இரண்டு பேரும் பஞ்சாயத்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, படிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்பு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தம்பியை விட்டு அந்தக் கதை ஆப்பை என் போனில் இறக்கச் சொன்னேன். அவள் போர்வைக்குள் வைத்துப் படித்த கதையில் இதுவரை வந்த அத்தியாயம் எல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முத்தம் இருக்கிறது. அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. எழுதுகிறவளுக்கே வெட்கம் போல, அந்த இடம் வந்தால் மழை பெய்கிறது, கரண்ட் போய்விடுகிறது. நீ பதறின அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீ கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. அந்த ஆபீஸ் முதலாளி கதாநாயகியை எல்லார் எதிரிலும் அறைகிறான். இரண்டு அத்தியாயம் தள்ளி, அவனுக்குச் சின்ன வயதில் அம்மா இல்லை என்று தெரிந்ததும் அவளே போய் மன்னிப்புக் கேட்கிறாள். இதற்கு 'ஆன்டி ஹீரோ கதை' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். கீழே நூற்றுக்கணக்கில் இதயம் போட்டிருக்கிறார்கள். முத்தத்தைப் பார்த்து ஆப்பை அழித்தாய். அறையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அந்தப் பக்கம் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் படிப்பதைப் பெற்றவர்கள் தடுக்கலாமா கூடாதா என்று கேட்டாய். நான் நூலகராக உட்கார்ந்திருந்த காலமெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் வந்து சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றேதான்: "கண்ணு கெட்டுப் போவுது மேடம்." பெண்பிள்ளைக்குத்தான் அது. பையனுக்குக் கண் கெட்டதாக யாரும் வந்து சொன்னதில்லை. அதே வீட்டில் அதே பெண் சாயங்காலம் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றும்போது கண் என்ன ஆகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒருத்தர் வந்தார். கைத்தறி லுங்கி வியாபாரம், ஊரில் மரியாதைப்பட்ட மனிதர். மகள் பிளஸ் டூ. "பரீட்சைக்குப் படிக்கிற புஸ்தகம் மட்டும் குடுங்க, கதை புஸ்தகம் வேணாம்" என்றார். அவர் நூலக அட்டையை வைத்துச் சொன்னாலும் பரவாயில்லை, மகள் அட்டையை வைத்துச் சொன்னார். "நம்ம வரிப் பணத்துல வாங்கினதுதானே, நான் சொன்னா கேக்கணும்" என்றார். வரி என்றது உண்மைதான். 1948இல் சென்னை மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுவது அதனால்தான். "உங்க எதிர் வீட்டுக்காரரும் கட்டறார் சார், அவர் கதை புஸ்தகம் கேக்கறாரே" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பெண் மறுபடி புத்தகம் எடுத்துக்கொண்டு போகவில்லை. நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். தடுத்ததில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்: மகள் என்ன படிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் போனது.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். பயிற்சியில் மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று அதில் இரண்டு விதி வரும். வாசகரின் அப்பாவைக் கேட்டுவிட்டுக் கொடு என்று ஆறாவதாக எதுவும் இல்லை.

இன்னொரு வகைத் தடையும் பார்த்திருக்கிறேன். அது கதைப் புத்தகத்துக்கு இல்லை. ஒரு பையன் அம்பேத்கர் நூல் தொகுதியை ஒவ்வொன்றாக எடுத்துப் போனான். அவன் அப்பா வந்து, அதை அவனுக்குத் தராதீங்க, ஊர்ல வம்பாயிடும் என்றார். பயத்தில் கேட்டார், அதிகாரத்தில் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1989இல் பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டானபோது நம் பாதிக்கு அம்பேத்கர் பேரைத்தான் வைத்தார்கள். பலகையில் பேர் இருந்தது, அந்தப் பேர் போட்ட புத்தகம் வீட்டுக்குள் போக பயம் இருந்தது. பையனிடம், இங்கேயே உட்கார்ந்து படி, யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

அம்பேத்கர் வீட்டிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது, தெரியுமா? அவர் அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளை உட்கார வைத்து ராமாயணமும் பாரதமும் கட்டாயமாகப் படிக்க வைப்பார். நம்மைத் தாழ்த்திச் சொல்கிற இந்தக் கதைகளை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பையன்கள், சொன்னதைச் செய்யுங்கள் என்கிற மாதிரி அதட்டிவிட்டார். மகன் விடாமல் கேட்டான். கடைசியில் ஒருநாள் பதில் சொன்னார்: தாழ்வு மனப்பான்மை வரக்கூடாது என்றுதான் படிக்க வைக்கிறேன், துரோணரும் கர்ணனும் சின்ன இடத்திலிருந்து எவ்வளவு உயரம் போனார்கள் பார், வால்மீகியைப் பார் என்று. அந்தப் பதில் மகனுக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆனாலும் அதே அப்பா, மகன் கேட்ட புத்தகம் வாங்கப் பணம் இல்லையென்றால் கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நிற்பார். அவர்களிடமும் பணம் இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைத்து, பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். எனக்கு அந்த அப்பாவைப் பிடிக்கும். கேள்வி கேட்டவனை அதட்டினார், ஆனால் கேள்வி வருகிறது என்று புத்தகத்தை நிறுத்தவில்லை.

இனி நம் வீட்டுக் கதை. உன் ஆயாவுக்கு எழுத்து தெரியாது, உனக்கே தெரியும். மடியில் முறம், முறத்தில் பீடித் தூள், பக்கத்தில் நனைத்து வெட்டின இலை. கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள் தெருக்கோடி வீட்டில். அதை வாங்கி வந்து நான் சத்தமாகப் படிப்பேன். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து பீடி கட்டிக்கொண்டே கேட்பார்கள். காதல் கட்டம் வந்தால் எனக்குக் கூச்சம். இரண்டு பத்தியை முழுங்கிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவிவிடுவேன். ஒரு தடவை ஆயா கையை நிறுத்தாமலேயே சொன்னாள்: "இன்னாமே, நடுவுல முழுங்கிக்கினு போறே? அதையும் சேத்துப் படி." எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. எழுத்து தெரியாதவளுக்குக் கதை எங்கே அறுந்தது என்று தெரிந்திருக்கிறது. பெற்றவர்கள் பிள்ளையைத் தடுப்பார்கள் என்று ஊரே பேசுகிறது. எங்கள் வீட்டில் பிள்ளைதான் தாய்க்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கூச்சத்தோடு அந்தப் பத்தியைப் படித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு அத்தை மட்டும், "ஆமா, பொய்க்காரன், இப்டிதான் சொல்லுவான்" என்றாள். அப்புறம் அவனைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார்கள், அவர்கள் தெருவில் இருந்த அவனைப் போன்றவர்களையும் சேர்த்து. ஆண்களைப் பற்றி எனக்கு அந்த வயதில் கிடைத்த நல்ல பாடம் அதுதான். கதையிலிருந்து பாதி, அவர்கள் பேச்சிலிருந்து பாதி.

ஆயாவுக்குக் கல்யாணம் ஆனபோது 15 வயது. சட்டப்படி சரி. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டத்தில் பெண்ணுக்கு 15 வயது போதும். 1978இல்தான் அது 18 ஆனது. அந்தத் திருமணச் சட்டம் வந்த அடுத்த வருஷமே, 1956இல், இளைஞர்களைக் கெடுக்கிற புத்தகங்களுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். கொலையும் கொடூரமும் அருவருப்பும் நிறைந்த கதைகளையும் படக்கதைகளையும் அச்சடித்து விற்கிறவர்களுக்குத் தண்டனை. அதில் 'இளையவர்' என்றால் 20 வயதுக்குக் கீழே. அதாவது பதினைந்தில் குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம், பேய்க் காமிக்ஸ் மட்டும் இருபது ஆகிறவரை கையில் படக்கூடாது. இதைச் சொன்னால் உன் நைனா இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எதையுமே தடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பத்து வயது இருக்கும்போது, பிணத்தின் படம் போட்ட குற்றச் செய்திப் பத்திரிகையை நான் உன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். எழுத்தைப் படிக்கும்போது பிள்ளை தனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் கற்பனை பண்ணும். புரியாதது அப்படியே நழுவிப் போகும். போட்டோ அப்படிப் போகாது. நீ கேட்டாய், இது பிணத்தின் படம், உனக்கு வயது வரட்டும் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தொலைந்துபோனது என்று பொய் சொல்லவில்லை. நீ அவள் தூங்கும்போது ஆப்பை அழித்துவிட்டு, போன் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறாய். அவளுக்குப் பதிமூன்று வயது பாப்பா, போன் எப்படி ரிப்பேர் ஆகும் என்று உன்னைவிட அவளுக்குத் தெரியும்.

அந்த ஆப்பில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது வேறு. கதைக்குக் கீழே கருத்து எழுதலாம். எழுதினவர்களுக்குத் தனியாகவும் செய்தி அனுப்பலாம். நான் "கதை நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி போட்டேன். ராத்திரிக்குள் முகம் தெரியாத ஒருத்தன், "ஹாய், எந்த ஊர்?" என்று கேட்டான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது என்று அவனுக்குத் தெரியாது, பாவம். புத்தகம் படிக்கிறவளைத் திருப்பி எதுவும் கேட்காது, இது கேட்கிறது. நீ காவல் போட வேண்டிய இடம் அது. செட்டிங்கில் போய் தெரியாதவர்கள் செய்தி அனுப்புவதை நிறுத்த முடிகிறதா என்று அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார். நிறுத்த வழியில்லை என்றால் அந்த ஆப்பையே எடுத்துவிடலாம், நானும் உன் பக்கம்தான். ஆனால் காரணம் அந்த ஆள் என்று சொல், கதை என்று சொல்லாதே. கதையை வேறு வழியில் வாங்கிக் கொடு.

கதையில் விழுந்த அந்த அறையைப் பற்றி அவளிடம் பேசு. புத்திமதி வேண்டாம், ஒரு பத்து நிமிஷத்தில் அவள் காது மூடிக்கொள்ளும். நீயும் படித்துவிட்டு, "அவன் அறைஞ்சதுக்கு அவ ஏன் மன்னிப்பு கேக்கறா?" என்று நிஜமாகவே தெரியாத மாதிரி கேட்டுப் பார். எனக்குத் தெரிந்து குட்டி அந்த முதலாளியைக் கிழித்துவிடுவாள். அவள் கிழிக்கவில்லை, அது காதல்தான் என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. லீவு விட்டதும் அவளை அனுப்பிவிடு, திருவிழா முடிந்து நைனா கொண்டுவந்து விடுவார். கூட்டத்தில் அவளைத் தனியாக விடமாட்டோம், நீ பயப்படாதே. இங்கே இருக்கிறவரை என் அட்டையில் அவள் என்ன வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். இப்போது உட்கார்ந்திருக்கிற நூலகர் பெண் நல்லவள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது என்றாயே, தம்பி அடுத்த வாரம் பெங்களூர் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்தக் கதையில் முதலாளியின் அக்கா சொத்துப் பத்திரத்தை ஒளித்து வைத்த இடத்தில் அத்தியாயம் நின்றுவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று குட்டிக்குத் தெரிந்திருக்கும். அவளையே எனக்குச் சொல்லச் சொல்.

அம்மா